மதிவதனியும் பொட்டு வைத்த சிடியும்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற மதிவதனியைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, என் பேத்தி கவிநிலா எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. அதனால் அவள் தன் இஷ்டத்துக்கு நாலு நல்ல வார்த்தை சேர்க்கக் கூடாது, நான் சொன்னது சொன்னபடி வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மதிவதனிக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு கடையில் மனு டைப் அடிக்கிற வேலை. திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள். அன்றைக்கு அவள் மாடிப்படி ஏறுகிற சத்தத்திலேயே எவ்வளவு களைத்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். புருஷன் மாறன் ஆட்டோ ஓட்டுகிறான். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்கே தெரியாது. வாடகைக்கு வந்தவர்கள்தான். ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நான் முதலில் கூப்பிடுவது என் மகனை இல்லை, அவளை.

பிடிவாதக்காரி. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிப் பேச முடியாது. மனுவில் சர்வே நம்பர் கொஞ்சம் மாறினாலும் ஒருத்தன் நிலம் இன்னொருத்தன் நிலமாகிவிடும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். டைப் அடித்ததை வந்தவரிடம் வாசித்துக் காட்டுவாள். அவர் சரி என்ற பிறகு இன்னொரு தடவையும் வாசிப்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும் என்று வாசிப்பாள்.

இந்தப் பழக்கம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சிடியில் வந்து நின்றது. ஒரு லாட்ஜை மூடியபோது, காலையில் அங்கே போடுகிற பக்திப் பாட்டு சிடிகளை அட்டைப்பெட்டியோடு குப்பையில் போட இருந்தார்கள். மாறன் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். போட்டுப் பார்த்தால் பாதி சிடி விக்கி விக்கிப் பாடியது. கடைகளில் செய்கிற மாதிரி சட்டென்று பென்டிரைவுக்கு இழுத்துப் போட அவளுக்கு மனசு வரவில்லை. யார் யாரையோ கேட்டு லேப்டாப்பில் ஒரு வேலைக்காரனைக் கொண்டுவந்து வைத்தாள். வேலைக்காரன் என்பது நான் வைத்த பெயர். அதற்குப் படம் கிடையாது, அழுத்துகிற பட்டன் கிடையாது. வெறும் கருப்புத் திரை. அதில் ஒரு வரி டைப் அடித்து என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான் அதனோடு பேச்சு. மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

என்னத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நான் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிடியில் இருக்கிற பாட்டை அது துண்டு துண்டாகப் படிக்கும். ஒரு துண்டைப் படித்ததும் நம்பிவிடாது. திரும்பப் போய் அதே இடத்தைப் படித்து, ரெண்டும் ஒத்துப்போனால்தான் எடுத்துக்கொள்ளும். ஒத்துப்போகவில்லை என்றால் அலுக்காமல் படித்துக்கொண்டே இருக்கும். கடையில் வேகமாக இழுக்கும்போது, படிக்க முடியாத இடத்தை முன்னே பின்னே கேட்டதை வைத்து ஒப்பேற்றிவிட்டுப் போய்விடுமாம். காதுக்கு வழவழப்பாக இருக்கும், உள்ளே ஓட்டை. பாட்டு முழுசும் வந்த பிறகு மதிவதனி இன்னொரு வரி தட்டுவாள். அந்தப் பாட்டுக்கென்று நீளமாக ஒரு நம்பர் வரும். மறுபடியும் முதலிலிருந்து படிக்க வைத்து, அதே நம்பர் வந்தால்தான் பென்டிரைவ் அவள் கையை விட்டுப் போகும்.

அந்தத் திரையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. படித்துக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் சின்னதாக ஒரு முகம் வரும். படுத்திருக்கிற முகம். ரெண்டு புள்ளி கண்ணு, ஒரு கோடு மூக்கு, ஒரு வளைவு வாய். தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிப்பது தெரியும். சிடி கொஞ்சம் தடுமாறினால் வாய் நேர்க்கோடாகிவிடும். ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் படிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளும். கீறல் பட்டிருந்தால் வாய் தொங்கும். இனிமேல் ஆகாது என்று கைவிட்டால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். நல்லபடியாக முடிந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், ஆய்ந்தபடியே அந்த முகத்துக்குக் காவல் உட்காருவேன். கழுத்து சுளுக்கிக்கொள்ளப் போகிறது என்று மதிவதனி கேலி செய்வாள். கண்ணாடி போட்டுவிட்டான் என்று நான் குரல் கொடுத்தால் மட்டும் அடுப்பிலிருந்து ஓடி வருவாள்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஆனி மாசம் சந்திரம்மாள் வந்தாள்.

சந்திரா எங்கள் ஊர்க்காரி. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டுக்காரர் கோதண்டராமன் பம்பைக்காரர். எங்கள் ஊரில் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, பம்பை அடித்துப் பாடி ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அழைத்த பிறகுதான் அந்த வீட்டுக் கூழ்ப்பானை கிளம்பும். அழைக்காத வீட்டுப் பானை வாசலிலேயே நிற்கும். அதைவிட ஒரு குடும்பத்துக்கு அவமானம் கிடையாது. எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு, எந்த வீட்டை என்ன சொல்லி வர்ணிப்பது என்பதெல்லாம் அவர் தொண்டையில்தான் இருந்தது.

அந்தத் தொண்டை போய்விட்டது. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே நாளில். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கட்டினவளுக்கே தெரியவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். ஆமாமா என்றாலும் ஆட்டுவார், இல்லையா என்றாலும் ஆட்டுவார்.

அவர் மகள் எழிலரசிதான் இந்த ஆடிக்குப் பாடுவதாக ஊரில் ஒத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பின்பாட்டுப் பாடிய பெண்ணுதான், குரல் உண்டு. வீடுகளை அழைப்பது மட்டும் தலைப்பாட்டுக்காரர் வேலை என்பதால் அது அவளுக்குப் பாடமில்லை. எப்போதோ ஒரு திருவிழாவில் மைக் செட்டுக்காரர் பதிவு செய்து கொடுத்த சிடி ஒன்று வீட்டில் இருந்தது. அதை டவுனில் ஒரு கடையில் பென்டிரைவில் ஏற்றி, செல்போனில் போட்டுக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"கடைசிப் பாட்டு வந்தா ஒரே இடத்துல கையத் தூக்கறாருக்கா," என்றாள் சந்திரா. "தொண்டையில இருந்து ஒரு சத்தம். கண்ணுல தண்ணி. குரல் போச்சேன்னு அழுவறார்ன்றா பொண்ணு. அப்பிடின்னா எல்லாப் பாட்டுக்கும்தானே அழுவணும்?"

நியாயமான கேள்வி. மதிவதனி சிடியை வாங்கி உள்ளே போட்டாள். நான் கீரையை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முந்தின பாட்டெல்லாம் சிரித்த முகமாகவே போனது. கடைசிப் பாட்டு பாதி தாண்டியதும் வாய் நேராகி, கண்ணாடி ஏறியது. ஏறினது இறங்கவே இல்லை. சந்திரா காப்பி குடித்து முடித்து, ஊர்க் கதையும் பேசி முடித்த பிறகு பார்த்தால் கண்ணில் தண்ணீர். மதிவதனி அந்த இடம் எது என்று குறித்துக்கொண்டு, சந்திரா கூடவே கொண்டுவந்திருந்த கடைக்காரர் பென்டிரைவில் அதே இடத்தைப் போட்டுக் காட்டினாள். பம்பை முழங்குகிறது, பாட்டு ஓடுகிறது, எங்கேயும் விக்கல் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சந்திராவுக்குத்தான் முகம் மாறியது. அவர் கையைத் தூக்குகிற இடம் அதுதான்.

சிடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள் மதிவதனி. பளபளக்கிற பக்கத்தில், கடைசிப் பாட்டு இருக்கிற விளிம்போரமாக, சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜைக்குப் பம்பை, உடுக்கை, சிலம்போடு சிடிக்கும் சேர்த்து வருஷா வருஷம் சந்திரா வைத்த பொட்டு. பழையதைத் துடைக்காமல் அதே இடத்தில் மேலே மேலே வைத்து அது காய்ந்து தடித்திருந்தது. படிக்க வேண்டிய பக்கமே அதுதான், பொட்டை அந்தப் பக்கம் வைக்கலாமா என்று மதிவதனி கேட்டாள். நம் முகம் தெரிகிற பக்கத்தில்தானே பொட்டு வைக்க வேண்டும் என்றாள் சந்திரா. மறுபக்கம் அச்சடித்திருப்பது மைக் செட்டுக்காரர் படமாம். மைக் செட்டுக்காரர் நெற்றியில் இவள் எதற்குப் பொட்டு வைக்க வேண்டும்? சரியாகத்தான் கேட்டாள்.

ஈரத்துணியில் துடைத்துவிட்டால் படித்துவிடும் என்றாள் மதிவதனி. அவ்வளவுதான். சந்திரா சிடியைப் பிடுங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவரு அங்க படுத்துகினு கீறாரு. அவரு குரல் மேல நான் வெச்ச பொட்டு இது. இத என் கண்ணு முன்னாடி அழிப்பியா?"

நான் மதிவதனியைத்தான் திட்டினேன். பொட்டை அழிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் எதற்கு என்று படித்த பெண்ணுக்குத் தெரியாதா என்றேன். பிறகு சந்திராவைச் சமாதானப்படுத்தி, பொட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று என் பேரில் சத்தியம் செய்து, சிடியை அங்கேயே விட்டுப் போக வைத்தேன்.

மதிவதனி சத்தியத்தை மீறவில்லை. மாறனின் சிநேகிதனிடமிருந்து சிடி போடுகிற வேறொரு பெட்டி வாங்கி வந்தாள். ஒன்றில் படிக்காதது இன்னொன்றில் படிக்குமாம். வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். கருப்புத் திரையில் என்னென்னவோ சேர்த்துத் தட்டினாள். கண்ணாடி, தண்ணீர், கண்ணாடி, தண்ணீர். ஊரெல்லாம் விற்கிற சினிமாப் பாட்டு சிடி என்றால், உலகத்தில் வேறு யாராவது அதைப் படித்துப் போட்டிருக்கும் நம்பரோடு ஒத்துப் பார்க்கலாமாம். இது ஒரு ஊர்த் திருவிழா. இதற்கு வேறு சாட்சி ஏது?

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன், வந்தவரைக்கும் போதும், கொடுத்துவிடு, ஒரு மூச்சு விடுகிற நேரம் போனதற்கு யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள் என்று.

"பொட்ட நான் தொட மாட்டேன் ஆயா," என்றாள். "ஆனா முழுசா வந்திச்சின்னு பொய்யும் சொல்ல மாட்டேன். அந்த ஒரு மூச்சு நேரத்துல ஒரு வீட்டுப் பேரு இருந்தா?"

எனக்குக் கோபம். அவளுக்கும் கோபம். மூன்று நாலு நாள் நான் மாடி ஏறவில்லை, அவள் எனக்குக் குழம்பு கொண்டுவரவில்லை. இடையில் மாட்டிக்கொண்டு மாறன்தான் முழித்தான். நான் சொன்னதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன், கவிநிலா அதையும் எழுதட்டும். ஆனால் கோபம் வேறு, அவள் முகம் வாடினால் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே போய், ஊருக்குப் போகலாம், சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டு வருவோம் என்று கூப்பிட்டேன். லேப்டாப்பையும் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு மாறன் ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் கடலைக்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோதண்டராமன் வேப்பமரத்தடியில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. நாங்கள் போனதும் சந்திராவும் எழிலரசியும் வந்து நின்றார்கள். மதிவதனி நேராக அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடையில் ஏற்றிக் கொடுத்த கடைசிப் பாட்டைப் போட்டாள். அவர் இடது கை விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. அந்த இடம் வந்தது. விரல் நின்று, கை மேலே போனது. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம். எழிலரசி நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டினாள்.

மதிவதனி நிறுத்தினாள். "இங்க ஒண்ணு இல்லைங்கப்பா," என்றாள். "எனக்கும் தெரியும். என் மெஷினும் இதே இடத்துலதான் நிக்குது."

அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததில்லை. தூக்கிய கை மெதுவாக இறங்கியது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக அவர் அழுகிறார் என்று எல்லோரும் அணைத்துக்கொண்டார்களே தவிர, அவர் சொல்வது சரி என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

பிறகு மதிவதனி சிடியை எடுத்து அவரிடம் பொட்டைக் காட்டினாள். துடைக்கலாமா என்று கேட்கவில்லை. இதுதான் மறைக்கிறது என்று மட்டும் சொன்னாள். சந்திரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் சிடியை மடியில் வைத்துக்கொண்டார். துண்டின் முனையைப் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பில் நனைத்தார். வட்டமாகத் தேய்க்கப் போனவரின் கையை மதிவதனி பிடித்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்கக் காட்டினாள். வட்டமாகத் தேய்த்தால் பாட்டு ஓடுகிற வழியிலேயே கீறல் விழுமாம். அவர் பொறுமையாக, சந்தனம் ஊறி வரும்வரை, அப்படியே இழுத்து இழுத்துத் துடைத்தார். துண்டு முனை சிவந்துவிட்டது. பிறகு சந்திராவைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் வரவில்லை. மறுபடி அசைத்தார். வந்து குனிந்தாள். அந்தச் சிவந்த முனையை அவள் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

சந்திரா, நெற்றியிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக, "எல்லாரும் ஏன் என்னியே பாக்கறீங்க, அந்த மெஷின பாருங்க," என்றாள்.

கயிற்றுக்கட்டில் மேலேயே லேப்டாப்பை வைத்து மதிவதனி ஒரு வரி தட்டினாள். வெயிலில் திரை தெரியாமல் நான் முந்தானையால் மறைப்புப் பிடித்தேன். அந்த இடம் வந்ததும் கண்ணாடி ஏறியது. தலையைச் சாய்த்தபடியே நிற்கிறேன், கண்ணாடி இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருக்கையில் கண்ணாடி போய், வாய் நேராகி, பிறகு வளைந்தது. கடைசியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாய் நிறையச் சிரித்தது. சிரித்துவிட்டான் என்றேன். மதிவதனி அப்போதும் நம்பவில்லை. முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்க வைத்தாள். எழிலரசி போட்டுக் காட்டச் சொல்லிக் கெஞ்சினாள். நடக்கவில்லை. ரெண்டு நம்பரையும் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்த பிறகுதான் பாட்டைப் போட்டாள்.

பம்பை முழங்கியது. கோதண்டராமனின் பழைய குரல், கணீரென்று. "மதகோரம் குடியிருக்கும் மாந்தோப்பு வீட்டாரே, மாரிக்குக் கூழ்ப்பானை கொண்டாங்க."

கட்டில் சட்டத்தில் விரல் தாளம் நிற்காமல் ஓடியது.

எழிலரசி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாந்தோப்பு வீட்டாருக்கும் இவர்களுக்கும் பம்புசெட்டுக்கு லைன் இழுத்த விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்று வருஷமாகிறது. அந்த வீட்டை அவள் அழைக்காமல் விட்டிருந்தால், மறந்துவிட்டாள் என்று ஊரில் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மனை வைத்துப் பழி வாங்கிவிட்டாள் என்றுதான் பேசியிருப்பார்கள். பம்பையை அவள் அன்றோடு கீழே வைக்க வேண்டியதுதான்.

மதிவதனி பென்டிரைவை எழிலரசி கையில் கொடுத்தாள். சிடியைப் பழைய உறையில் போட்டு, பொட்டை இனிமேல் உறைக்கு வைக்கச் சொன்னாள். பளபளக்கிற பக்கம்தான் முகம், உறை வெறும் சட்டை என்று நான் சொன்னேன். சந்திராவும் அதைத்தான் சொன்னாள். மதிவதனி எங்கள் ரெண்டு பேரையும் கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

ஆடியில் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு நாங்கள் போயிருந்தோம். மதிவதனி கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். எழிலரசி மஞ்சள் புடவையில், தலையில் வேப்பிலை வைத்துக்கொண்டு பாடினாள். வீடு வீடாக அழைக்க, பானை பானையாக வந்து அண்டாவில் ஊற்றினார்கள். கோதண்டராமனை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மாந்தோப்பு வீட்டின் பெயர் வந்தபோது கூட்டமே மதகுப் பக்கம் திரும்பியது. எழிலரசி அந்த வரியை ஒரு தடவை பாடினாள். யாரும் வரவில்லை. பம்பை அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை பாடினாள்.

மதகுப் பக்கத்திலிருந்து அந்த வீட்டு மருமகள் தலையில் பானையோடு வந்தாள். பின்னால் அவள் மாமனார், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு.

கோதண்டராமனின் வாய் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர். பக்கத்தில் நின்றவர்கள், பாவம் அழுகிறார், உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அழவில்லை, சிரிக்கிறார் என்றேன். நான் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. மதிவதனி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, அவளும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

அந்த நம்பர் மாதிரி, நாங்கள் ரெண்டு பேர் படித்ததும் ஒன்றாகத்தான் வந்தது.